உயிர்ப்புப் பல்பகுதியக் கரைசலில் அவத்தைப் பிரிப்பு: கடைசி வருட ஆய்வுக்கு எந்தப் பொருளை எடுப்பது?

கிழக்கிலங்கையில் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்திலோ சம்மாந்துறை வளாகத்திலோ இரசாயனவியல் படித்துக்கொண்டு, கடைசி வருட ஆய்வுக்கு "கரைசலில் உயிர்ப்புப் பல்பகுதியங்களின் அவத்தை நடத்தை" என்ற தலைப்பை மனதில் வைத்திருப்பவருக்காக இதை எழுதுகிறேன். பல்பகுதியம் என்பது ஒருபகுதியங்கள் என்ற சிறு மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோர்த்த பெரிய மூலக்கூறு. அவத்தைப் பிரிப்பு என்பது ஒரே கரைசல் செறிந்ததும் ஐதானதுமான இரண்டு படைகளாக, அதாவது அடுக்குகளாக, பிரிவது. தலைப்பு நல்லது. கோட்பாடு ஆழமானது, ஆனால் கணிதம் எட்டாத உயரத்தில் இல்லை. சிக்கல் என்னவென்றால், இந்த ஒரு தலைப்புக்குள் ஒன்றோடொன்று ஒட்டாத பல பொருள்கள் இருக்கின்றன. ஒன்றுக்கு வெற்றிடக் குழாய்த்தொகுதி வேண்டும். இன்னொன்றுக்கு 160 பாகைக்கு மேல் சூடு வேண்டும். வேறொன்றுக்குச் சோதனைக்குழாயும் வெந்நீரும் போதும். புத்தகத்தில் முதலில் வருகிறதே என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டால், பொருள் கைக்கு வந்துசேரும் முன்பே அறிக்கை கொடுக்கும் நாள் வந்துவிடும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீரில் கரைத்த சி12இ6 (C12E6) என்ற அயனற்ற சவர்க்காரவகைப் பொருளைத்தான் நான் எடுப்பேன். அதோடு மடிக்கணினியில், பல்பகுதியக் கரைசல் எப்போது பிரியும் என்று சொல்லும் ஃபிளோரி–ஹக்கின்ஸ் கோட்பாட்டின்படி ஒரு கணிப்பையும் சேர்த்துக்கொள்வேன். மற்றவற்றை ஏன் விடுகிறேன், யார் விடத் தேவையில்லை என்பதையும் பார்ப்போம்.

முதலில், எதைத் தேடுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். சாதாரணப் பல்பகுதியத்தில் சங்கிலியின் நீளம் தயாரிக்கும்போதே முடிவாகிவிடும். கரைசலைச் சூடாக்கினாலும் குளிர வைத்தாலும் அது மாறாது. உயிர்ப்புப் பல்பகுதியம் அப்படியல்ல. சங்கிலியின் நுனி இன்னும் தொழிற்படுகிறது. ஒருபகுதியங்கள் வந்து சேர்கின்றன, கழன்றும் போகின்றன. புகையிரத நிலையத்தில் பெட்டிகளைக் கோர்ப்பதும் கழற்றுவதும் ஓயாமல் நடப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த வெப்பநிலையில், எந்தச் செறிவில் நிற்கிறோம் என்பதே சராசரி நீளத்தைத் தீர்மானிக்கிறது.

இப்போது அவத்தைப் பிரிப்பைப் பாருங்கள். ஃபிளோரி–ஹக்கின்ஸ் கோட்பாட்டின்படி, சங்கிலியில் உள்ள அலகுகளின் எண்ணிக்கையே அவதிப் புள்ளியை, அதாவது பிரிப்புத் தொடங்கும் எல்லையை, இடம் மாற்றுகிறது. அலகு ஒன்றே ஒன்று என்றால் அவதிச் செறிவு சரிபாதி. பல்பகுதியத்துக்கும் கரைப்பானுக்கும் உள்ள இடைத்தாக்க மாறிலி (இது பெரிதாகப் பெரிதாக இரண்டும் ஒன்றையொன்று விலக்கும்) 2 ஆக உயர்ந்தால்தான் பிரிப்புத் தொடங்கும். அலகுகள் 100 ஆனால் அவதிச் செறிவு கனவளவில் ஏறத்தாழ 9 சதவீதத்துக்கு இறங்கிவிடும், இடைத்தாக்க மாறிலி 0.605 இருந்தாலே போதும். 10,000 ஆனால் செறிவு 1 சதவீதம், மாறிலி 0.51. அதாவது சங்கிலி நீள நீள, கரைசல் இலகுவாகப் பிரியும், அதுவும் மிக ஐதான பக்கத்தில் பிரியும்.

இரண்டையும் சேர்த்தால்தான் இந்த விடயம் சூடுபிடிக்கிறது. வெப்பநிலையை மாற்றும்போது இடைத்தாக்க மாறிலி மாறுகிறது. சங்கிலி நீளமும் கூடவே மாறுகிறது. கரைசல் இரண்டு படைகளாகப் பிரிந்தால் செறிந்த படையில் சங்கிலிகள் நீளமாகவும் ஐதான படையில் குட்டையாகவும் இருக்கும், ஏனென்றால் ஒவ்வொரு படையும் தன் செறிவுக்கேற்ற சமநிலையைத் தானே தேடிக்கொள்கிறது. சாதாரணப் பல்பகுதியத்தில் இது நடக்காது. அங்கே ஏற்கெனவே இருக்கும் நீளச் சங்கிலிகளும் குட்டைச் சங்கிலிகளும் படைகளுக்கிடையில் பங்கிடப்படுகின்றன, அவ்வளவுதான். ஆகவே ஒரு நல்ல ஆய்வு, சங்கிலி வளர்வதையும் கரைசல் பிரிவதையும் ஒரே தொகுதியில் பார்க்க விட வேண்டும். தெரிவுகளை நான் நிறுக்கும் தராசு இதுதான்.

அல்பா-மெதைல்ஸ்டைரீன்: பாடநூலின் அரசன்

1956இல் மைக்கேல் ஷ்வார்ஸ் அமெரிக்காவின் சிரக்யூஸில் காட்டிய பரிசோதனையிலிருந்து இந்தத் துறை தொடங்குகிறது. டெட்ராஐதரோபியூரனில் சோடியம் நப்தலீன் கரைசல் கடும்பச்சை. அதில் ஸ்டைரீனைச் சேர்த்தால் நிறம் சிவப்பாக மாறும். ஒருபகுதியம் முழுவதும் தீர்ந்த பிறகும் சிவப்பு அப்படியே நிற்கும். மறுபடி ஸ்டைரீன் சேர்த்தால் அதே சங்கிலிகள் மேலும் வளரும்.

அவத்தை நடத்தையை ஆராய்வதற்கு ஸ்டைரீனைவிட அல்பா-மெதைல்ஸ்டைரீன் வசதியானது. அதன் சமநிலை நமக்கு எட்டும் வெப்பநிலைகளில் இருக்கிறது. சங்கிலி சேரும்போது வெப்பம் வெளிவருகிறது, எந்திரப்பி (ஒழுங்கின்மையின் அளவு) குறைகிறது. ஆகவே ஒரு வெப்பநிலைக்கு மேலே சங்கிலி நிலைக்காது. இந்த மேல் எல்லை என்ற கருத்தை டெயின்ரனும் ஐவினும் 1948இல் தெளிவாக வைத்தார்கள். தூய அல்பா-மெதைல்ஸ்டைரீன் திரவத்துக்கு அது சுமார் 61 பாகை செல்சியஸ். ஐதாக்கினால் இறங்கும்; லீற்றருக்கு 1 மூல் செறிவில் ஏறத்தாழ 0 பாகைக்கு வந்துவிடும். பனிக்கட்டித் தொட்டிக்கும் வெந்நீர்த் தொட்டிக்கும் இடையிலேயே சங்கிலியை வளர்க்கலாம், குலைக்கலாம்.

இதற்கு வேறெந்தத் தெரிவிலும் இல்லாத ஒரு சிறப்பு உண்டு: சங்கிலிகளின் எண்ணிக்கை உங்கள் கையில் இருக்கிறது. சோடியம் நப்தலீன் தொடக்கியாக இருக்கும்போது இரண்டு தொடக்கி மூலக்கூறுகளுக்கு ஒரு சங்கிலி. சங்கிலி இரு நுனியிலும் வளரும். தொடக்கியைக் குறைத்தால் சங்கிலிகள் குறையும், ஒவ்வொன்றும் நீளும். டுடோவிச், ஃபிரீட், டக்ளஸ் ஆகிய மூவரும் 1999இலிருந்து வெளியிட்ட, மூலக்கூறுகளைக் கட்டங்களில் அடுக்கிக் கணிக்கும் பின்னல் மாதிரியில் தொடக்கியின் அளவு இப்படியே ஒரு மாறியாக வருகிறது. மேரிலாந்தில் சான்ட்ரா கிரீரின் குழு இத்தகைய கரைசல்களை வருடக்கணக்காக அளந்தது. கோட்பாட்டையும் பரிசோதனையையும் நேருக்கு நேர் வைத்துப் பார்க்க இதைவிடச் சுத்தமான தொகுதி எனக்குத் தெரியவில்லை.

சரி, அப்படியென்றால் ஏன் எடுக்கக்கூடாது? ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். 100 மில்லிலீற்றர் கரைசலில் லீற்றருக்கு 1 மில்லிமூல் வீதம் உயிர்ப்பு நுனிகள் இருந்தால் மொத்தம் 0.1 மில்லிமூல். ஒரு நீர் மூலக்கூறு ஒரு நுனியைக் கொன்றுவிடும். எல்லாவற்றையும் கொல்ல 1.8 மில்லிகிராம் நீர் போதும். ஒரு சொட்டு நீர் ஏறத்தாழ 50 மில்லிகிராம். 30 பாகையில் நிரம்பிய காற்றில் கனமீற்றருக்கு 30 கிராம் அளவு நீராவி இருக்கும். வாவிக்கரைப் பக்கத்தில் ஈரப்பதன் 80 சதவீதம் என்று எடுத்தால் 24 கிராம். அந்தக் காற்றில் 100 மில்லிலீற்றர் குடுவைக்குள் புகுந்தாலே 2.4 மில்லிகிராம் நீர் உள்ளே போய்விடும். ஒரு தரம் மூடி சரியாக இறுகாவிட்டால் உங்கள் பல்பகுதியம் சாதாரணப் பல்பகுதியம் ஆகிவிடும். சிவப்பு நிறம் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் காற்று காய்ந்துதான் இருக்கிறது என்று யாராவது சொல்லக்கூடும். ஈரப்பதன் பாதியாகக் குறைந்தாலும் ஒரு மில்லிகிராமுக்கு மேல் வருகிறது; பாதிக்கு மேல் நுனிகள் போய்விடும். வானிலையை நம்பி இதைச் செய்ய முடியாது. கண்ணாடிக் குழாய்களை வெற்றிடத்தில் உருக்கி மூடத் தெரிந்தவரும், சோடியம் உலோகத்தையும் பெரொட்சைட்டு சேரக்கூடிய டெட்ராஐதரோபியூரனையும் பாதுகாப்பாகக் கையாளும் வசதியும் வேண்டும். இவை உங்கள் ஆய்வுகூடத்தில் இருந்தால், அல்லது வேறிடத்தில் சில மாதம் தங்கிச் செய்ய மேற்பார்வையாளர் வழிசெய்து தருவார் என்றால், நான் சொல்வதைத் தள்ளிவிட்டு இதையே எடுங்கள். இல்லையென்றால் அறிமுக அத்தியாயத்தில் இதற்கு மரியாதை செய்துவிட்டு நகரலாம்.

கந்தகம்

கந்தகம் மலிவு. அதோடு தலைகீழாக நடக்கும். சூடாக்கினால்தான் சங்கிலி உருவாகும். உருகிய கந்தகத்தில் எட்டு அணு வளையங்கள் இருக்கின்றன. 159 பாகைக்கு அருகில் வளையங்கள் திறந்து சங்கிலியாகக் கோர்க்கத் தொடங்கும். அதுவரை தண்ணியாக ஓடிக்கொண்டிருந்த மஞ்சள் திரவம் கருஞ்சிவப்பாகித் தடிக்கிறது. 187 பாகை அளவில் பிசுக்குமை (ஓட்டத்துக்குக் காட்டும் தடை) உச்சத்தைத் தொடுகிறது, ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு உயர்வு. டொபோல்ஸ்கியும் ஐசன்பேர்க்கும் 1959இல் இதற்குச் சமநிலைக் கோட்பாடு கொடுத்தார்கள். 1980இல் வீலர், கெனடி, ஃபியூட்டி மூவரும் இதைக் காந்தங்களின் அவதி நிலைமாற்றத்தோடு ஒரே கணிதத்தில் இணைத்தார்கள். கோட்பாட்டு விருப்பமுள்ள பௌதிகவியல் மாணவருக்கு அந்த இணைப்பு தனி விருந்து.

கரைசலிலும் கந்தகம் சுவாரசியமானது. சில கரைப்பான்களில் தாழ்ந்த வெப்பநிலையில் இரண்டு படையாக இருக்கும். சூடாக்கினால் ஒன்றாகும். இன்னும் சூடாக்கினால், சங்கிலிகள் உருவாகத் தொடங்கியதும், மறுபடி பிரியும். கரைசலை ஐதாக்க ஐதாக்கச் சங்கிலி தொடங்கும் வெப்பநிலை மேலே போகும்.

ஆனால் இதை அளக்க, கரைப்பானையும் கந்தகத்தையும் மூடிய கண்ணாடிக் குழாயில் வைத்து 160 பாகைக்கு மேலே கொண்டுபோக வேண்டும். பென்சீன் போன்ற கரைப்பான் அந்த வெப்பநிலையில் தன் கொதிநிலையை எப்போதோ தாண்டியிருக்கும். உள்ளே அழுத்தம், வெளியே கண்ணாடி, முன்னால் உங்கள் முகம். ஐதரசன் சல்பைட்டு, கந்தகவீரொட்சைட்டு வாயுக்கள் வேறு. பட்டதாரி மாணவர் தனியாகச் செய்யும் வேலை இல்லை இது. கரைப்பான் இல்லாத வெறும் கந்தகத்தைப் புகைப்பெட்டிக்குள் சூடாக்கிக் காட்டுவது உயர்தரப் பிள்ளைகளுக்கு நல்ல காட்சிப் பரிசோதனை. ஆய்வுத் தலைப்பின் "கரைசல்" என்ற பகுதி அதில் இல்லை. இன்னொன்று, விவசாயக் கடையில் கிடைக்கும் நனையும் கந்தகத்தூளை வாங்கிவிடாதீர்கள். அதில் நீரில் கலக்க உதவும் வேறு பொருள்கள் சேர்ந்திருக்கும். கந்தகத்தின் பிசுக்குமை சிறிதளவு மாசுக்கே மாறிவிடும்.

அக்டின், டியூபுலின் போன்ற புரதங்களைப் பற்றியும் கேட்பார்கள். உடலுக்குள் நடக்கும் உண்மையான உயிர்ப்புப் பல்பகுதியங்கள் அவை. டியூபுலின் குளிரில் குலைந்து 37 பாகையில் கோர்க்கும் அழகே தனி. ஆனால் அவற்றைக் கடுங்குளிரில் வைத்திருக்க வேண்டும். ஒரு நீண்ட இரவு கறன்ட் போனால் வாங்கிய புரதமும் போய்விடும். இதற்குமேல் யோசிக்க ஒன்றும் இல்லை.

நீரில் வளரும் புழுக்கள்

மீதமிருப்பது மைசெல்கள். சவர்க்காரவகை மூலக்கூறுகள் நீரில் சேர்ந்து உருண்டையாகத் திரள்வது எல்லோருக்கும் தெரிந்தது. சில நிலைமைகளில் அந்த உருண்டைகள் நீண்டு, வளையக்கூடிய புழு வடிவ மைசெல்களாகின்றன. இவை உடைந்து, மறுபடி ஒட்டிக்கொண்டே இருக்கும். மைக்கேல் கேற்ஸ் 1987இல் இவற்றை உயிர்ப்புப் பல்பகுதியங்களாகவே எடுத்து அவற்றின் ஓட்டவியலை, அதாவது அவை ஓடும் விதத்தை, விளக்கினார். இங்கே தொடக்கி இல்லை. சங்கிலிகளின் எண்ணிக்கையைத் தொகுதியே தீர்மானிக்கிறது. எளிய கோட்பாட்டின்படி சராசரி நீளம் செறிவின் வர்க்கமூலத்துக்கு விகிதசமம். செறிவை நான்கு மடங்காக்கினால் நீளம் இரண்டு மடங்கு. ஒரு சங்கிலியை உடைத்து இரண்டு புதிய நுனிகளை உண்டாக்க எவ்வளவு சக்தி தேவையோ, அது படிக்குறியில் வந்து நீளத்தைக் கட்டுப்படுத்தும்.

நீர் இங்கே எதிரி அல்ல, கரைப்பானே அதுதான். கடலோர ஊரில் இந்த ஒரு காரணமே பாதித் தீர்ப்பு. ஆனால் மைசெல்களுக்குள்ளும் மூன்று பாதைகள் உண்டு. அவற்றுக்கிடையில் தேர்வதுதான் உண்மையில் கடினம்.

முதல் பாதை, செற்றைல்டிரைமெதைல்அமோனியம் புரோமைட்டு. ஆய்வுகூடத்தில் சீடாப் என்பார்கள். தாவரங்களிலிருந்து டிஎன்ஏ பிரித்தெடுக்கப் பயன்படுவதால் உயிரியல் அல்லது விவசாயப் பகுதியின் அலுமாரியில் ஏற்கெனவே இருக்கக்கூடும். வாங்குவதற்கு முன் அங்கே கேட்டுப் பாருங்கள். அதோடு சோடியம் சலிசிலேற்று. லீற்றருக்கு 0.1 மூல் செறிவில் 100 மில்லிலீற்றர் வேண்டுமென்றால் சீடாப் 3.64 கிராம்தான். சலிசிலேற்று மைசெலின் மேற்பரப்பில் புகுந்து ஏற்றங்களை மறைக்க, உருண்டைகள் சட்டென்று நீண்டுவிடும். போத்தலைச் சுழற்றிவிட்டு நிறுத்தினால் உள்ளே உள்ள குமிழிகள் ஓடிப்போய்ப் பின்னோக்கித் திரும்பி வரும். ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்த இரண்டு முனைவாக்கித் தாள்களுக்கிடையில் போத்தலை ஆட்டினால் ஒளிக்கோடுகள் தெரியும். குளிர் நாடுகளில் சீடாப்போடு ஒரு தொல்லை உண்டு: 25 பாகைக்கு அண்மையில் அல்லது அதற்குக் கீழே அது படிகமாக வெளியே வந்துவிடும். மட்டக்களப்பில் அறை வெப்பநிலையே அதற்கு மேலேதான். குளிரூட்டியை மட்டும் போட்டுவிடாதீர்கள்.

சங்கிலி வளர்வதைப் பார்க்க இதற்கு நிகரில்லை. ஆனால் நம் தலைப்பு அவத்தைப் பிரிப்பு. சீடாப்–சலிசிலேற்றில் அது எளிதாகக் கையில் வராது. பிசுக்குமை மேலே போய், கீழே வந்து, மறுபடி மேலே போகும் விநோதங்களைத் துரத்திக்கொண்டு போவீர்கள். தலைப்பை "ஓட்டவியல்" என்று மாற்றத் தயார் என்றால் எடுக்கலாம். அப்போதும் ஓர் எச்சரிக்கை: ஒஸ்வால்ட் பிசுக்குமானி என்ற நுண்குழாய்க் கருவியில் இந்தக் கரைசலை விட்டு நேரத்தை அளந்து பிசுக்குமை என்று எழுதக்கூடாது. ஓட்டம் வேகமானால் இவை மெலியும், நுண்குழாய்க்குள் நீங்கள் அளப்பது உண்மையான ஓய்வுநிலைப் பிசுக்குமை அல்ல. ஓட்ட வேகத்தை மாற்றி மாற்றிப் பிசுக்குமையை அளக்கும் ஓட்டமானி இல்லாதவர் இந்தப் பக்கம் போகாமலிருப்பது நல்லது.

இரண்டாவது பாதை மிக மலிவு. பாத்திரம் கழுவும் திரவம் தயாரிப்பவர்கள் வாங்கும் எஸ்.எல்.ஈ.எஸ். என்ற பசை, கூடவே உப்பு. உப்பைச் சிறிது சிறிதாகச் சேர்க்கத் திரவம் தடிக்கும், உச்சத்துக்குப் போய்ப் பிறகு மெலியும், இன்னும் சேர்த்தால் கலங்கிப் பிரியும். வளர்ச்சியும் பிரிப்பும் ஒரே வரைபில்! உச்சத்துக்குப் பிறகு மெலிவதற்கு மைசெல்கள் கிளைவிட்டு இணைவதே காரணம் என்று விளக்குகிறார்கள். கேட்கும்போது இதைவிட வேறென்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால் வணிகப் பசை ஒற்றைச் சேர்வை அல்ல. மூலக்கூறுக்கு மூலக்கூறு எதொட்சிச் சங்கிலியின் நீளம் வேறு, தயாரிப்பிலேயே உப்பும் சேர்ந்திருக்கும், ஒரு வாளிக்கும் அடுத்த வாளிக்கும் வித்தியாசம் வரும். வரைபின் வடிவத்தைக் காட்டலாம். எண்களைக் கோட்பாட்டோடு பொருத்த முடியாது. பொருத்தியதாக எழுதினால் வாய்மொழிப் பரீட்சையில் முதல் கேள்வியே அங்கேதான் வரும். வீட்டுக் கைத்தொழிலாகச் சலவைத்திரவம் செய்பவர்களுக்குப் பயன்படும் ஓர் ஆய்வு வேண்டுமென்றால், அதைத் தனித் தலைப்பாகவே செய்யலாம், அதில் எந்தக் குறையும் இல்லை.

மூன்றாவது, நான் சொன்ன அயனற்ற வகை. 12 காபன் வாலும், எதிலீன் ஒட்சைட்டு அலகுகள் கொண்ட தலையும். அலகுகள் ஐந்தானால் சி12இ5, ஆறானால் சி12இ6, எட்டானால் சி12இ8. இவை தூய சேர்வைகளாகக் கிடைக்கின்றன. ஏற்றம் இல்லாததால் உப்பைப் பற்றிய கவலையில்லை. நீரில் தெளிவாகக் கரைந்திருப்பவை சூடாக்கும்போது ஒரு வெப்பநிலையில் பால்போல் கலங்கி, பிறகு இரண்டு தெளிந்த படைகளாகப் பிரியும். குளிரவைத்தால் மறுபடி ஒன்றாகும். அதே குழாயை எத்தனை தரமும் பயன்படுத்தலாம்.

சி12இ5 தான் நூல்களில் அதிகம் பேசப்படுவது. மைசெல்கள் நன்றாக நீள்வதும் அதில்தான். ஆனால் அது கலங்கும் தாழ்ந்த வெப்பநிலை சுமார் 32 பாகை. சித்திரை, வைகாசி மதிய வேளையில் நம் ஆய்வுகூட மேசையில் வைத்த குழாய் யாரும் சூடாக்காமலே கலங்கி நிற்கும். கரைசலைத் தயாரிப்பதற்கே குளிர்நீர்த் தொட்டி தேவைப்படும். சி12இ6 கலங்குவது 50 பாகையை ஒட்டி. அறை வெப்பநிலையில் தெளிவு, வெந்நீர்த் தொட்டியில் பிரிப்பு, இடையில் 20 பாகை அளவுக்கு வளர்ச்சியைப் பார்க்க இடமும் உண்டு. நம் ஊருக்கு இதுதான் பொருத்தம். சி12இ8 இன்னும் மேலே கலங்கும், ஆனால் அதன் மைசெல்கள் பெரிதாக நீள்வதில்லை. ஒப்பீட்டுக்கு இரண்டு குழாய் அதையும் வைத்தால் ஆய்வு கனக்கும், ஏனென்றால் இங்கே ஓர் உண்மையான பழைய விவாதம் இருக்கிறது.

அந்த விவாதம் இதுதான். அயனற்ற மைசெல் கரைசலைக் கலங்கும் வெப்பநிலையை நோக்கிச் சூடாக்கும்போது ஒளிச்சிதறல் ஏறிக்கொண்டே போகிறது. மைசெல்கள் வளர்வதாலா, அல்லது அவதிப் புள்ளி நெருங்கும்போது எந்தக் கரைசலிலும் வரும் செறிவு ஏற்ற இறக்கத்தாலா? 1980களின் தொடக்கத்தில் கோர்ட்டியும் டெஜியோர்ஜியோவும் அவதி ஏற்ற இறக்கத்தை வலியுறுத்தினார்கள். நில்சன், வென்னர்ஸ்ட்ரோம், லிண்ட்மன் ஆகியோர் 1983இல் அணுக்காந்தப் பரிவு மூலம் மூலக்கூறுகளின் பரவலை அளந்து, சி12இ5 நன்றாக வளர்கிறது, சி12இ8 சிறிதாகவே நிற்கிறது என்று காட்டினார்கள். தலை நீளத்தைப் பொறுத்து இரண்டும் வெவ்வேறு அளவில் கலந்திருக்கிறது என்பதே விளங்கிக்கொள்ளக்கூடிய பதில். வெறும் ஒளிச்சிதறலாலோ கலங்கலாலோ இவற்றைப் பிரித்தறிய முடியாது என்பதைப் புரிந்துகொண்டு எழுதும் மாணவர் தலைப்பின் மையத்தைத் தொட்டுவிட்டார்.

செலவு? தூய சி12இ6 மலிவல்ல, இறக்குமதிக்கு நாளும் எடுக்கும். ஆனால் தேவை சிறிது. 10 மில்லிலீற்றர் குழாயில் 1 சதவீதக் கரைசலுக்கு 0.1 கிராம், 0.1 சதவீதத்துக்கு அதில் பத்தில் ஒன்று. செறிந்த பக்கம்தான் தின்னும். அதைச் சிறிய குழாயில் செய்து மிச்சம் பிடிக்கலாம். வந்ததும் இருட்டில், குளிரில், மூடிவைக்க வேண்டும். எதிலீன் ஒட்சைட்டுத் தலை காற்றுப்பட்டு மெல்ல ஒட்சியேறும், கலங்கும் வெப்பநிலை நகர்ந்துவிடும். ஒரே செறிவுக் குழாய் ஒன்றைத் தனியே வைத்து மாதம் ஒருதரம் அளந்துபார்த்தால் பொருள் கெடுகிறதா என்று தெரியும்.

பொருள் வரும்வரை சும்மா இருக்கத் தேவையில்லை. டிரைட்டன் எக்ஸ்-100 பல ஆய்வுகூடங்களில் இருக்கும். அது 65 பாகையை ஒட்டிக் கலங்கும். அதில் கை பழகலாம். முடிவுகளில் சேர்க்க வேண்டாம், அதுவும் கலவைதான். கழிவை வடிகாலில் ஊற்றவும் வேண்டாம்: ஐரோப்பிய ஒன்றியம் அதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தியிருப்பது, அது சிதைந்து வரும் பொருள் உயிரினங்களின் ஓமோன்களைக் குழப்புவதால்தான். நம் வடிகால்கள் எங்கே போய்ச் சேரும் என்று உங்களுக்குத் தெரியும்.

அளவீடும் கணிப்பும்

கலங்கும் வெப்பநிலையை அளக்கச் சூடாக்கும் வேகத்தைக் குறையுங்கள். சூடாக்கும்போது கலங்கும் வெப்பநிலையையும் ஆறும்போது தெளியும் வெப்பநிலையையும் இரண்டையும் எழுதுங்கள். அவை ஒட்டி வரவில்லையென்றால் வேகம் அதிகம். கலங்குவது நொடியில் நடக்கும். ஆனால் படைகள் தெளிந்து பிரிய மணிக்கணக்காகும், சிலவேளை ஒரு நாளுக்கு மேலும் ஆகும், ஏனென்றால் படைகளின் அடர்த்தி வேறுபாடு சிறியது. எது மேலே, எது கீழே என்று முன்கூட்டியே முடிவுகட்டிவிடாதீர்கள். இந்த நேரம் முழுவதும் வெப்பநிலை அசையக்கூடாது. கறன்ட் போகும் நாட்களுக்கு, மீன் ஏற்றும் றெஜிபோம் பெட்டிக்குள் நீர்த்தொட்டியை இறக்கி வைத்துச் செய்தால் தொட்டி மெதுவாகத்தான் ஆறும்.

படைகள் தெளிந்த பிறகு ஒவ்வொன்றிலும் ஊசியால் சிறிது எடுத்து, நிறுத்து, நீரைப் போக்கி, நிறை மாறாத வரை உலர்த்தி மறுபடி நிறுங்கள். ஊசிக்குள் திரவம் ஆறினால் பரவாயில்லை, எடுக்கும்போது மற்றப் படை கலக்காமலிருந்தால் போதும். இதில் கிடைப்பது இரண்டு படைகளின் செறிவு, அதாவது அவத்தை வரைபடத்தில் ஒரு கிடைக்கோட்டின் இரண்டு முனைகள். கலங்கும் வெப்பநிலையை மட்டும் அளப்பவருக்கு இது கிடைக்காது. படைகளின் உயரங்களிலிருந்து, படைகளின் அளவையும் செறிவையும் இணைக்கும் நெம்புவிதியால் சரிபார்க்கவும் முடியும். கூடவே ஐதான பகுதியில், கலங்கும் வெப்பநிலைக்கு நன்றாகக் கீழே, ஒஸ்வால்ட் பிசுக்குமானியால் சார்புப் பிசுக்குமையை வெப்பநிலையோடு பாருங்கள். சீடாப்புக்குச் சொன்ன எச்சரிக்கை இந்த ஐதான கரைசலுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. நீரின் பிசுக்குமை சூட்டில் இறங்குகிறது. கரைசலினது அதோடு ஒப்பிட ஏறுகிறதென்றால் மைசெல் வளர்வதற்கு ஒரு சான்று, முழு நிரூபணமல்ல.

இனிக் கணிப்பு. கணிப்பை மட்டுமே ஆய்வாகச் செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. செய்யலாம். செலவில்லை, மடிக்கணினியின் மின்கலம் நிற்கும்வரை கறன்டும் தேவையில்லை. ஃபிளோரி–ஹக்கின்ஸ் கட்டற்ற சக்தியில் ஒற்றை நீளத்துக்குப் பதிலாக நீளங்களின் படிக்குறிப் பரம்பலை வைத்து, ஒவ்வொரு வெப்பநிலையிலும் செறிவிலும் அந்தப் பரம்பலைச் சமநிலைக்குக் கொண்டுவந்து, இரு படைகளிலும் இரசாயன அழுத்தம் சமமாகும் இடத்தைத் தேட வேண்டும். பைதனில் சில நூறு வரிகளுக்குள் அடங்கும். ஆனால் கணிப்பில் இரண்டு திருகுகள் இருக்கின்றன: இடைத்தாக்க மாறிலி வெப்பநிலையோடு எப்படி மாறுகிறது என்பது ஒன்று, முன்பு சொன்ன, சங்கிலியை உடைத்துப் புதிய நுனிகளை உண்டாக்கத் தேவையான நுனிச் சக்தி மற்றது. நூலிலிருந்து எடுத்த ஒரே ஒரு கலங்கும் வளைகோட்டை வைத்து இரண்டையும் திருகினால் எதையும் பொருத்திவிடலாம். அதில் நீங்கள் கற்றது எதுவுமில்லை. பிசுக்குமையிலிருந்து நுனிச் சக்திக்கு ஒரு தோராய வரம்பு, படைச் செறிவுகளிலிருந்து இடைத்தாக்க மாறிலி என்று தனித்தனி அளவீடுகள் கையில் இருந்தால்தான் கணிப்புக்குப் பல் முளைக்கும். ஆகவேதான் கணிப்பைப் பரிசோதனைக்குப் பதிலாக வைக்காமல், அதோடு சேர்த்துச் செய்யச் சொல்கிறேன்.

காலம் மிச்சமிருந்தால் சோடியம் குளோரைட்டைச் சேர்த்துப் பாருங்கள். கலங்கும் வெப்பநிலை இறங்கும். தயோசயனேற்று உப்பு அதை ஏற்றும். இரண்டு திருகுகளில் எது அசைந்தது என்று கணிப்பைக் கொண்டு கேட்கலாம். இறக்குமதி தாமதமானால் சி12இ8ஐயும் உப்புத் தொடரையும் விட்டுவிடுங்கள். சி12இ6இன் கலங்கும் வளைகோடு, மூன்று வெப்பநிலைகளில் படைச் செறிவுகள், ஒரு கணிப்பு, இந்த மூன்றும் இருந்தாலே கடைசி வருட அறிக்கைக்குத் தாராளம். ஓடரை முதல் அரையாண்டிலேயே கொடுத்துவிடுங்கள். மார்கழி மழைக்குள் வீதியும் வளாகமும் எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது.